விஜயம் டாக்டருக்கு வராத மெடல்

எனக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது. இடது கண் என்னைப் பெற்றவள் கொடுத்தது, வலது கண் விஜயம் டாக்டர் கொடுத்தது. பெற்றவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. டாக்டர் தென்காசியில் இருக்கிறார், இன்று காலைகூட என்னை ஒரு தடவை திட்டினார். ஆள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். செத்த பிறகு படத்துக்கு மாலை போட்டுவிட்டு ஒப்பாரி வைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. எனக்கு எழுதத் தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ் நூர்நிஷா எழுதுகிறாள். நான் சொல்வதை நயமாக மாற்றக் கூடாது என்று அவளிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

என் பேர் சங்கரம்மாள். செங்கோட்டைப் பக்கம் வடகரை. புருஷன் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நடவுக்குப் போய்விட்டேன். அழுதால் யார் சோறு போடுவார்கள்? எழுபத்து நாலாம் வருஷம் பங்குனி, பிசான நெல் அறுப்பு. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். காற்று திடீரென்று திரும்பியது. ஒரு நெல் சுணை, ஊசி மாதிரித் தூசி, வலது கண்ணில் வந்து அடித்தது.

பக்கத்தில் தூற்றிக்கொண்டிருந்தவள் பேச்சித்தாய். அவள் என் இமையைப் பிரித்து, நாக்கால் துழாவித் தூசியை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். பேச்சித்தாய் அதில் பேர்போனவள். வாயில் வெற்றிலைச் சாறு இருந்ததைக் கொப்பளித்துவிட்டுச் செய்திருக்கலாம். செய்யவில்லை. வீட்டுக்கு வந்து நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினேன். பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரி இரண்டு சொட்டுப் பால் விட்டாள். மறுநாள் கண் எரிந்தது. ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு தூற்றப் போனேன். ஒன்பதாம் நாள் கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டினதுபோல் வெள்ளையாக ஒன்று நின்றது. அப்போதுதான் பயம் வந்தது.

தென்காசியில் ஒரு தர்ம கண் ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில். அங்கே இருந்த டாக்டரம்மாதான் விஜயம் டாக்டர். அவருக்குக் கடையம். கோயில் வேலை பார்த்த குடும்பம், சிவப்பாய், ஒல்லியாய், பெரிய கண்ணாடி போட்டு இருப்பார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊரே கேட்டது. நானும் பிறகு ஒரு நாள் கேட்டேன். நேரம் இல்லை என்றார். இதற்கா நேரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு டார்ச் அடித்து என் கண்ணைப் பார்த்தவர், எத்தனை நாளாச்சு என்று கேட்டார். ஒன்பது என்றேன். அறுப்பு முடியவில்லை என்றும் சொன்னேன். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்காத்து ஆம்பிளைக்கு இப்படி அடிச்சிருந்தா, எத்தனை நாள்ல கூட்டிண்டு வந்திருப்பேள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர் கேட்கிற கேள்வியா இது.

"ஆம்பளைக்குன்னா அன்னைக்கே வண்டி கெட்டிருப்போம் டாக்டரம்மா. பொம்பளைக்கு என்ன, சோறு பொங்க ஒத்தக் கண்ணு போதும்லா?"

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த சீட்டை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். மருந்துதான் எழுதுகிறார் என்று நான் நினைத்தேன்.

நாற்பது நாள் கட்டிலில் கிடந்தேன். மணிக்கொரு தரம் மருந்து. பாதி வேளை அவரே வந்து ஊற்றுவார். நான் கண்ணைத் திறக்காமல் அடம்பிடித்தால், ஊரில் இருக்கிற எருமைகள் எல்லாம் உங்களைவிடப் புத்தியாய் இருக்கும் என்பார். கண் பிழைத்தது. நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பொட்டைச் சுற்றி எனக்கு உலகம் தெரிகிறது. எனக்கு அது போதும். வீட்டுக்குப் போ என்றார்கள். போய் யார் முகத்தில் விழிக்க? இங்கேயே பெருக்கித் துடைக்கிறேன் என்றேன். அப்படித்தான் ஆயா ஆனேன்.

என் சீட்டு என்ன ஆயிற்று என்று பிறகு தெரிந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரும் நூர்நிஷாவும் ஆஸ்பத்திரி நோட்டுகளை எல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். சுணை அடித்த ஆண்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வந்திருந்தார்கள். பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து. வந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கண் போயிருந்தது. ஆண்களில் எட்டுக்கு ஒன்று. நோய் ஒன்றுதான், நெல்லும் ஒன்றுதான்.

வந்தால்தானே பார்ப்பது, நாம் போனால் என்ன என்று டாக்டர் ஒரு யோசனை பண்ணினார். அறுப்புக்குப் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தியைப் பிடித்து, அவள் முந்தியில் ஒரு மருந்து டியூபை முடிந்து விடுவது. யாருக்குக் கண்ணில் என்ன அடித்தாலும் அங்கேயே, அப்போதே நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போட வேண்டும். மூன்று நாள் போட வேண்டும். நாலாம் நாள் நான் போய் டார்ச் அடித்துப் பார்த்து, புண் தெரிந்தால் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். வடகரை, கடையம், வாசுதேவநல்லூர் என்று மூன்று ஊர்ப்பக்கமும் நான்தான் அலைந்தேன். யார் எந்த வீடு, யாருக்கு எந்தக் கண், எந்த வயலில் அடித்தது என்பதெல்லாம் என் தலையில் இருக்கும். சாயங்காலம் வந்து சொல்லுவேன். நூர்நிஷா எழுதிக்கொள்வாள்.

வடகரைக் கூட்டத்துக்குப் பேச்சித்தாயைத்தான் வைத்தேன். அவளிடம் டியூபைக் கொடுத்துவிட்டு, இனிமேல் நாக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள் என்றேன்.

"ஏட்டி, எத்தனை பேரு கண்ணுல எடுத்திருக்கேன் தெரியுமா? ஒனக்கு மட்டும் புண்ணு வந்தா அது ஒங்கண்ணு கோளாறு" என்றாள்.

ஆனாலும் செய்தாள். அவளைப்போல் யாரும் செய்யவில்லை. மருந்துக்குக் கண்ணை நீட்டாதவளைக் களத்தில் மல்லாத்திப் போட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்து போட்டிருக்கிறாள். மூன்று வருஷம், காரும் பிசானமுமாக வருஷத்துக்கு இரண்டு போகம், ஆறு அறுப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கண்ணில் அடித்தது. புண் ஆனது நாலே நாலு பேருக்கு. அந்த நாலு பேரில் ஒருத்தி வாசுதேவநல்லூர் இராமலட்சுமி. அவளுக்குக் கண் போய்விட்டது. காரணம், என்னிடம் இருந்தது டார்ச், டாக்டரிடம் இருந்ததும் டார்ச்சும் கையில் பிடிக்கிற லென்சும்தான். நாடியை, அதான் தாடையை, வைத்து உட்கார்ந்தால் கண்ணை மலை மாதிரி பெரிதாக்கிக் காட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. ஸ்லிட் லேம்ப் என்பார்கள். அது மதுரையில் இருந்தது. மதுரைக்குப் போ என்று சொன்னால் எங்கள் பெண்கள் சரி என்று தலையாட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி நாற்று நடுவார்கள். இராமலட்சுமி அப்படித்தான் திரும்பிப் போனாள். அந்த மெஷின் தென்காசிக்கு வர வேண்டும் என்பது அன்றிலிருந்து டாக்டருக்கு ஒரு வெறி.

வர ஒரு வழி இருந்தது. கண் டாக்டர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு ஊரில் கூடுவார்கள். நல்ல ஆராய்ச்சி பண்ணின இளவயது டாக்டருக்குத் தங்க மெடல் போடுவார்கள். எண்பத்திரண்டாம் வருஷம், மெடல் வாங்குகிறவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்லிட் லேம்பும் உண்டு என்று அறிவித்தார்கள். நாற்பது வயது தாண்டியவர் போட்டியில் கிடையாது. டாக்டருக்குப் புரட்டாசியில் நாற்பது. சங்கம் கூடுவது ஆடியில். இடம் குற்றாலம். ஆடியில் கூட்டம் போட வேறு எங்கே போவார்கள்.

இதற்கு முன்னாலும் இரண்டு தடவை டாக்டர் போய் வாசித்திருக்கிறார். முதல் தடவை, குரல் நன்றாக இருக்கிறது, பாட்டுப் படித்தாயா அம்மா என்று ஒருவர் கேட்டாராம். இரண்டாம் தடவை சாப்பாடு முடிந்து பாதிப் பேர் தூங்குகிற நேரத்தில் வாசிக்க விட்டார்களாம். இதுவரை எத்தனை பேர் மெடல் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். பதினேழு பேர் என்றார். அதில் பெண் எத்தனை என்றேன். ஒன்றும் இல்லை என்றார். சங்கத்தில் பெண் டாக்டர்களே இல்லையோ என்றேன். நாலில் ஒருத்தர் பெண் என்றார். எனக்குக் கணக்கு வராது. இந்தக் கணக்கு வந்தது.

குற்றாலத்துக்கு உள்ளூர்க்காரர் என்று டாக்டரை வரவேற்புக் கமிட்டிக்குப் போட்டிருந்தார்கள். சந்தனம், குங்குமம், பன்னீர், டாக்டர்மார் பெண்டாட்டிகளை அருவிக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. போட்டியில் வாசிக்கிற ஆண் டாக்டர் ஒருவரையும் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிறுத்தவில்லை. டாக்டர் அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். இரண்டு நாள் வாசலிலேயே நின்றார். அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றும் ஒரு சொட்டு மேலே படவில்லை.

போட்டிக்காரர்கள் தாங்கள் வைத்தியம் பார்த்தவர்களில் இருபது பேரையாவது கூட்டிவந்து நடுவர்களிடம் கண்ணைக் காட்ட வேண்டும் என்பது விதி. மூன்று நடுவர்கள். நான் மூன்று ஊரிலும் திரட்டி இருபத்தெட்டுப் பெண்களை அப்துல் ஜப்பார் வேனில் ஏற்றினேன். எல்லாம் சுணை அடித்து, மருந்து போட்டு, கண்ணாடி மாதிரிக் கண்ணோடு இருப்பவர்கள். பத்து மணிக்கு நேரே மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை.

அப்துல் ஜப்பார் ஆறரை மணிக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பேரருவி வெள்ளை வெளேர் என்று விழுந்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபத்து வாசலில் இன்னும் கோலம்கூடப் போடவில்லை.

"மூணரை மணி நேரம் இருக்குட்டி" என்றாள் பேச்சித்தாய். "ஆடி மாசம் குத்தாலத்துக்கு வந்துட்டு ஒணந்த தலையோட போனேன்னா எங்க ஊர்ல என்னைய அடுப்படியில சேக்க மாட்டாளுவ."

எனக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன். பெண்கள் பக்கத்தில் கூட்டம் இல்லை. போனோம். ஆளுக்கு ஒரு பொட்டலம் சீயக்காய் வாங்கித் தேய்த்துக்கொண்டோம். அருவிக்கு அடியில் போய் நின்றால் வெளியே வர மனசு வருமா? ஒருத்தி வந்தால் இன்னொருத்தி போனாள். வாழ்நாள் முழுதும் குனிந்தே கிடக்கிற முதுகு. இரண்டு மணி நேரம் தண்ணீர் அதில் அடித்தது. இருபத்தெட்டுப் பேரும் சிறுபிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மண்டபத்தில் வரிசையாக நின்றோம். டாக்டர் பன்னீர்ச் செம்போடு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இருபத்தெட்டுப் பேருக்கும், ஐம்பத்தாறு கண்ணும், மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தது.

"குளிச்சேளா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத சமயம் என் ஆயுசில் அதிகம் இல்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு மணி நேரம் ஆனால் தெளிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சங்கத்துச் செயலாளரிடம் போய்த் தன் முறையை மத்தியானத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். அச்சடித்ததை மாற்ற முடியாது என்றுவிட்டார் அவர்.

டாக்டருக்கு முந்தின முறை விஸ்வேஸ்வரன் என்கிற சிறுவயது டாக்டருக்கு. பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரி. ஏதோ புது விதமாகக் கண் ஆபரேஷன் செய்ததாக வாசித்தார். அவர் கூட்டிவந்த இருபது பேரும் ஆண்கள். அவர்களும் குளித்திருந்தார்கள். குளித்தது மட்டும் இல்லை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் உட்கார்ந்து எழுந்த எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. கண் எல்லாம் ரத்தச் சிவப்பு. நடுவர் தலைவர் ஒரு பெரியவர், பட்டுத் துண்டு போட்டவர். முதல் ஆளின் கண்ணில் டார்ச் அடித்துவிட்டுச் சிரித்தார். குற்றாலத்துக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் இருப்பானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்கள்.

பிறகு டாக்டர் வாசித்தார். இங்கிலீஷ். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் கடைசியில் தமிழ்ப் பேர்களாக வந்தது. சங்கரம்மாள் என்றார். பேச்சித்தாய் என்றார். இராமலட்சுமி என்றார், கண் போனவள் பேரையும் விடவில்லை. டியூப் முடிந்திருந்த ஒவ்வொருத்தி பேரையும், எங்கள் ஊர்ப் பேரோடு, அத்தனை பெரிய டாக்டர்கள் முன்னால் வாசித்தார். ரேஷன் கார்டுக்கு வெளியே என் பேரை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. பேச்சித்தாய் என் தொடையைக் கிள்ளினாள்.

நடுவர்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். முதல் நாலு பேர் கண்ணில் டார்ச் அடித்ததும் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சிவந்திருக்கே அம்மா. புண் ஆறலை போலிருக்கே."

அருவியில் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள், சிவப்பு வெள்ளை விழியில்தான் இருக்கிறது, கருவிழியைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். சாக்குச் சொல்லக் கூடாது என்றார் தலைவர். மீதி இருபத்து நாலு பேரை அவர் பார்க்கவே இல்லை. திரும்பிவிட்டார்.

என் வாய் எனக்குத் திரும்ப வந்தது.

"அய்யா, ஒங்க கண்ணும் செவந்துதான கெடக்கு. ஒங்களுக்கும் புண்ணு ஆறலையோ?"

பின்வரிசையில் சிரித்தார்கள். தலைவருக்கு முகமும் கண் மாதிரி ஆகிவிட்டது. இந்த அம்மாவை வெளியே கூட்டிப் போகச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். டாக்டர் நடுவில் வந்து நின்றார். குரலைத் தூக்கவில்லை.

"அவங்க எங்க ஆஸ்பத்திரி சார். நான் வாசிச்சதுல பாதி அவங்க நடந்த நடை. இங்கேதான் இருப்பாங்க."

இருந்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்தில் முள். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. பத்தே நிமிஷத்தில் விஸ்வேஸ்வரன் டாக்டருக்குத்தான் மெடல் என்று மேடையில் சொல்லிக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். கை தட்டினார்கள். விஜயம் டாக்டரும் தட்டினார். பதினெட்டாவது ஆளும் ஆண்தான்.

நான் மண்டபத்துப் பின்பக்கம் போய், எச்சில் இலை போடுகிற இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். குளிக்காமல் இருந்திருந்தால் கண் வெளுப்பாய் இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பெரியவருக்கு ரோஷம் வந்திருக்காது. எட்டு வருஷம் அவர் பட்ட பாட்டை இரண்டு மணி நேரத் தண்ணீரில் கரைத்துவிட்டேன். இன்னும் எத்தனை இராமலட்சுமி மதுரைக்குப் போகாமல் திரும்பப் போகிறாள்? நான் செத்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது விஸ்வேஸ்வரன் டாக்டர் கை கழுவ அங்கே வந்தார். கழுத்தில் மெடல் ஆடிக்கொண்டிருந்தது. குழாயில் நனையாமல் இருக்கக் கழற்றிப் பக்கத்துத் திட்டில் வைத்தார். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திருட இல்லை, இதற்காகத்தானே இத்தனையும் என்று பார்த்தேன். பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது. எழுத்து.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் பேர் வெட்டுவது எப்படி என்று தெரியும். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தவள் எவளுக்கும் தெரியும். தென்காசியில் ஆவுடையப்பன் அண்ணாச்சி பாத்திரக் கடையில் ஒரு குடத்தில் பேர் வெட்டச் சின்ன உளியும் சுத்தியுமாய் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் நாலு பேர் இருந்தால் அரை நாள் ஆகும்.

"தம்பி, இதுல என்ன வெட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"என் பேரும்மா. வருஷமும் போட்டிருக்கு."

"இப்பதான ஒங்க பேரைச் சொன்னாவ. அதுக்குள்ள இங்கன வெட்டுத ஆளு யாரு இருக்கா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மெடலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பையன் பொல்லாதவன் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். கை ஈரத்தைத் துடைக்காமலே போய்விட்டார்.

நான் ஓடினேன். டாக்டர் வாசலில் தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். மெடல் வரும்போதே பேர் வெட்டித்தான் வந்திருக்கிறது, கண்ணைப் பார்க்கும் முன்னாலேயே வெட்டிவிட்டார்கள் என்றேன். கோபம் வரும், போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். நானும் கூடப் போகத் தயாராக முந்தியை இழுத்துச் செருகினேன்.

அவர் சண்டைக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டது இதுதான்.

"அப்போ நீங்க குளிச்சதுனால ஒண்ணும் போகலையே சங்கரம்மா?"

"போகல."

"அவா எல்லாரும் அழுதுண்டு உக்காந்திருக்காளா?"

பேச்சித்தாய் உட்பட எல்லாரும்தான் என்றேன். டாக்டர் தாம்பூலத் தட்டைப் பக்கத்தில் நின்ற செயலாளர் கையில் கொடுத்தார். அந்த மனிதர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் நேரே உள்ளே வந்து எங்கள் பெண்களிடம், எழுந்திருங்கோ, ஐந்தருவிக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றார்.

அன்று மத்தியானம் அவர் கண்ணாடியை என் மடியில் முடிந்துகொண்டு நான் கரையில் நின்றேன். டாக்டர் புடவையோடு அருவிக்குள் போனார். பேச்சித்தாய் ஒரு பக்கமும் வாசுதேவநல்லூர்க்காரி ஒருத்தி மறு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது. எங்கள் கண்ணும் சிவந்திருந்தது. பேச்சித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, ஒங்களுக்குப் புண்ணு ஆறல போலிருக்கே" என்றாள்.

அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இரும ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருஷம் மாசி மாதம், பிசான அறுப்புக்குப் பத்து நாள் முன்னால், ஒரு லாரி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. வைக்கோல் சுற்றிய பெட்டி. உள்ளே ஸ்லிட் லேம்ப். கூட ஒரு கடிதாசி, விஸ்வேஸ்வரன் டாக்டர் எழுதியது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, இது உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று இருந்ததாக நூர்நிஷா படித்துக் காட்டினாள். அவருக்கு நல்ல மனசு. அதற்கு நான் கும்பிடுகிறேன். ஆனால் மெடலை அவர் திருப்பவில்லை, பேர் எப்போது வெட்டினார்கள் என்று சங்கத்தில் கேட்கவும் இல்லை. மெஷின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் இருப்பதும் அவர் பேர்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பெண்களுக்கு அந்தத் தகடு பிடிக்கவில்லை. பிடுங்கிப் போடலாமா என்று பேச்சித்தாய் கேட்டாள். அடுத்தவர் கொடுத்ததில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் நாம் ஒன்று கொடுப்போம் என்று முடிவாயிற்று. இருபத்தெட்டுப் பேரும் நானும் நூர்நிஷாவும் சேர்ந்து ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையில் கனமான பித்தளைச் செம்பு ஒன்று எடுத்தோம். கண் கழுவ ஆறவைத்த தண்ணீர் வைப்பதற்கு. பேர் வெட்ட வேண்டும் என்றேன். கொடுக்கிறவர் பேர் என்ன என்று கேட்டார். கொடுக்கிறவர் பேரைத்தான் வெட்டுவது வழக்கம். சீர் கொடுத்தவன் பேர் மூன்று தலைமுறைக்குத் தெரிய வேண்டாமா?

"குடுக்கவ பேரு வேண்டாம் அண்ணாச்சி. வாங்குதவ பேரை வெட்டும். டாக்டர் விஜயம்னு."

ஊரில் இல்லாத வழக்கம் என்று முனகினார். பிறகு, சரி ஆச்சி, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக வெட்டி வைத்துவிடுகிறேன், பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பொறும் அண்ணாச்சி" என்றேன். "நாளைக்கு எல்லாரு கண்ணையும் அந்த மெஷின்ல வச்சுப் பாக்கப் போறாவ. பாத்து முடியட்டும். பொறவு நான் வந்து சொல்லுதேன். அதுக்கு முன்ன உளியத் தொடாதேயும்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வைக்கவும் எனக்கு நேரம் இல்லை.

மறுநாள் எல்லாரும் குளிக்காமல் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக நாடியை வைத்து உட்கார்ந்தாள். பேச்சித்தாய் மட்டும், இதில் தாடையை வைத்தால் பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து இரண்டு தடவை எழுந்து போய்த் திரும்ப வந்தாள். டாக்டர் அவசரப்படவில்லை. ஒரு கண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். இருபத்தெட்டுப் பேர், ஐம்பத்தாறு கண். எங்கேயும் ஒரு தழும்புகூட இல்லை. கடைசியில் என்னை உட்கார வைத்தார். என் வெள்ளைப் பொட்டு அந்த மெஷினில் தேங்காய்ப் பத்தை மாதிரித் தெரிகிறதாம். ஒன்பது நாள், ஒன்பது நாள் என்று முனகிக்கொண்டே பார்த்தார்.

சாயங்காலம் நாலரைக்கு நான் போய்ச் சொன்னேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி உளியை எடுத்தார். வெட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

இராமலட்சுமிக்குப் பிறகு எங்கள் மூன்று ஊரிலும் நெல் சுணையால் ஒரு பெண் கண்ணும் போகவில்லை. சங்கத்து மெடல் பலகையில் இன்னும் ஆண் பேராகவே ஏறிக்கொண்டிருக்கிறது என்று நூர்நிஷா சொல்கிறாள். டாக்டருக்கு நாற்பது தாண்டி ஏழு வருஷம் ஆயிற்று, அந்தப் பலகையை அவர் கேட்பதும் இல்லை. அந்தச் செம்பு மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் அதைப் புளி போட்டுத் துலக்குகிறேன். துலக்கும்போது எழுத்து விரலில் தட்டுப்படும். அந்த ஒரு பேரை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.